வைரஸைச் செயலிழக்க வைக்கும் துணி: இழைக்குள் என்ன நடக்கிறது?

2020 கோடையில் திருப்பூரில் பனியன் தைத்த மெஷின்களில் முகக்கவசம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்போது துணி பதனிடும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஒருநாள் ஒரு சிறு தயாரிப்பாளர் கையில் ஒரு மீட்டர் துணியோடு வந்தார். "சார், இதுல வைரஸ் பட்டா செத்துடும்னு ஒரு கெமிக்கல் போட்டுக் குடுத்திருக்காங்க. நிஜமாவா?" என்று கேட்டார். தடவிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். சாதாரண பாப்ளின் துணிக்கும் அதற்கும் கையால் எந்த வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேள்வி ரொம்ப நியாயமானது, ஆனால் நின்ற இடத்தில் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. இப்போது நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன். வேதியியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்வோம். கொரோனா வைரஸின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். ஒரு பருத்தி இழையின் குறுக்கே நூற்றுக்கும் மேற்பட்ட வைரஸ்களைத் தோளோடு தோள் உரச நிறுத்தி வைக்கலாம், அவ்வளவு சிறியது. அதன் நடுவே ஒரு மரபுச்சரம் இருக்கிறது. அதைச் சுற்றிக் கொஞ்சம் புரதம், அதற்கும் மேலே மெல்லிய கொழுப்புச் சவ்வு. அந்தச் சவ்வில் குத்தி நிறுத்தியது போல் முள் மாதிரியான புரதங்கள். முள் நம் செல்லைப் பிடிக்கிறது, சவ்வு செல்லோடு கலக்கிறது, சரம் உள்ளே போகிறது. இந்த மூன்றில் ஒன்று கெட்டாலும் வைரஸால் நோய் உண்டாக்க முடியாது. வைரஸ் தானாகச் சாப்பிடுவதில்லை, வளர்வதில்லை, அதனால் அதைக் 'கொல்வது' என்று சொல்வது பேச்சுவழக்கு. சரியாகச் சொன்னால் செயலிழக்க வைப்பது.

சோப்பு போட்டுக் கை கழுவச் சொன்னதன் காரணமும் இந்தக் கொழுப்புச் சவ்வுதான். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு எப்படிக் கலைக்கிறதோ அப்படியே சவ்வையும் கலைத்துவிடும். ஃப்ளூ வைரஸுக்கும் இதே மாதிரி சவ்வு உண்டு. வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ், ரோட்டா வைரஸ், அப்புறம் போலியோ வைரஸ் ஆகியவற்றுக்கு இந்தச் சவ்வே கிடையாது. கெட்டியான புரத ஓடு மட்டும்தான். அதனால் கொழுப்பைக் குறிவைக்கும் வித்தைகள் அவற்றிடம் பெரிதாக எடுபடாது. ஒரு துணி 'வைரஸ் எதிர்ப்புத் துணி' என்றால் எந்த வைரஸ் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

சரி, வைரஸ் துணியில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெவ்வேறு பரப்புகளில் கொரோனா வைரஸை வைத்துப் பார்த்தார்கள். சாதாரணத் துணியில் இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தபோது தொற்றக்கூடிய வைரஸ் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சை முகக்கவசத்தின் வெளி அடுக்கில் ஏழாம் நாளும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாம் தினமும் போடும் பருத்திச் சட்டை அவ்வளவு கவலைப்பட வேண்டிய இடம் இல்லை என்பதும், முகக்கவசத்தின் வெளிப்புறம் கவலைப்பட வேண்டிய இடம் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. முகக்கவசத்தைக் கழற்றும்போது விரல் படுவது அந்த வெளி அடுக்கில்தான்.

அந்த வெளி அடுக்கில் வந்து உட்காரும் வைரஸை, அது அங்கே சும்மா இருக்கும் நேரத்திலேயே துணி தானாகக் கெடுத்துவிட வேண்டும். தானே கிருமி நீக்கும் துணி என்ற யோசனை இவ்வளவுதான். அதற்கு இழைக்குள் எதை வைப்பது என்பதில்தான் பல வழிகள் இருக்கின்றன.

செம்பு

தண்ணீர் குடிக்கும் பாத்திரத்துக்கும் அது செய்யப்பட்ட உலோகத்துக்கும் 'செம்பு' என்று ஒரே பெயர் வைத்தவர்கள் நாம். செம்பின் மேல் கிருமி நிற்காது என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை. அதை அளந்து பார்த்ததுதான் புதிது. 2020 மார்ச்சில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் இரண்டு மூன்று நாள் வரை தாக்குப்பிடித்த கொரோனா வைரஸை, செம்பின் மேல் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு தொற்றும் நிலையில் பார்க்க முடியவில்லை.

காரணம் என்ன? ஈரம் பட்டால் செம்பிலிருந்து மின்னூட்டம் கொண்ட அணுக்கள், அதாவது செம்பு அயனிகள், மெல்லக் கசியும். அவை வைரஸின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் மடிப்பைக் குலைக்கும். கூடவே ஆக்சிஜனைச் சீண்டிவிட்டு, பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கும் வடிவங்களாக மாற்றும். சவ்வு, முள், உள்ளே இருக்கும் சரம் எல்லாமே அடிபடும். வெள்ளியும் துத்தநாகமும் ஏறத்தாழ இதே குடும்பம், வேகமும் வழியும் கொஞ்சம் மாறும்.

துணியில் செம்பை எப்படி ஏற்றுவது? செயற்கை இழையாக இருந்தால், பாலிமரை உருக்கி இழையாக இழுக்கும்போதே செம்பு ஆக்சைடுத் தூளைக் கலந்துவிடலாம். 2010-லேயே இப்படிச் செம்பு ஆக்சைடு ஏற்றிய முகக்கவசம் செய்து ஃப்ளூ வைரஸில் சோதித்திருக்கிறார்கள். இந்த முறையில் தூள் இழையின் உடம்பிலேயே இருப்பதால் துவைத்தாலும் சீக்கிரம் போகாது. பருத்தி அப்படி இல்லை. அது செடியில் விளைந்து வருவது, உள்ளே எதையும் கலக்க முடியாது. மேலே பூசத்தான் முடியும். துணியைக் கரைசலில் முக்கி, இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே பிழிந்து, ஸ்டென்டர் என்ற துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் காய வைப்பார்கள். எங்கள் ஊரில் மென்மைப்படுத்தும் மருந்தும் இப்படித்தான் ஏற்றுகிறோம். பிடிப்பு சரியில்லை என்றால் பூசியது நாலு துவையலில் கழன்றுவிடும்.

கழன்றது எங்கே போகிறது? இதை யாரும் கேட்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில், நானோ வெள்ளி, அதாவது மிக நுண்ணிய வெள்ளித் துகள், ஏற்றி விற்கப்பட்ட காலுறைகளை வெறும் தண்ணீரில் போட்டு அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் வெள்ளி அப்படியே நின்றது. சிலவற்றில் சில அலசலிலேயே பெரும்பகுதி தண்ணீரோடு போய்விட்டது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது வெறும் ஆய்வகச் செய்தி இல்லை. கிருமியைக் கெடுக்கும் உலோகம் ஆற்றுக்குப் போனால், அங்கே நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களையும் அது கெடுக்கும்.

கழலவே கூடாது என்று நினைத்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். நேர் மின்னூட்டம் கொண்ட ஒரு வகை அம்மோனியச் சேர்மம் உண்டு. தரை துடைக்கும் கிருமிநாசினிகள் பலவற்றில் இருப்பது அதன் உறவுதான். அதைச் சிலிக்கன் கொக்கி ஒன்றால் இழையோடு வேதிப் பிணைப்பாகவே கட்டிவிடும் முறையை 1972-லேயே வெளியிட்டுவிட்டார்கள். இழையில் நட்டு வைத்த வால் மாதிரி அது நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே வந்து உட்காரும் கிருமியின் கொழுப்புச் சவ்வை அது குலைக்கும், தான் கழன்று போகாது. ஆனால் அழுக்கும் வியர்வையும் அந்த வால்களை மூடிவிட்டால் வேலை நின்றுவிடும், துவைத்து எடுத்தால்தான் மறுபடி நடக்கும். சவ்வில்லாத வைரஸ்களிடமும் இதற்கு அவ்வளவு பலன் இல்லை.

உப்பு

எனக்கு ரொம்பப் பிடித்த வழி இதுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஹியோ-ஜிக் சோய் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2017-ல் வெளியிட்டது. முகக்கவசத்தின் வடிகட்டும் அடுக்கில் அவர்கள் ஏற்றியது நாம் சமையலுக்குப் போடும் அதே உப்பு.

தூத்துக்குடி உப்பளத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பாத்தியில் கடல்நீர் நிற்கிறது. வெயிலில் நீர் குறையக் குறைய உப்பின் செறிவு ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் படிகம் கட்ட ஆரம்பிக்கிறது. இதே கதையை ஒரு தும்மல் துளிக்குள் நடத்திப் பாருங்கள். வைரஸ் இருக்கும் துளி உப்புப் பூசிய இழையில் வந்து விழுகிறது. துளியின் ஈரத்தில் உப்பு கரைகிறது. துளி காயக் காய, வைரஸைச் சுற்றி உப்பின் செறிவு கடுமையாக ஏறுகிறது. கடைசியில் உப்பு மறுபடி படிகமாகும்போது, கூர்மையான அந்தப் படிகங்களுக்கு நடுவே வைரஸின் சவ்வும் முள்ளும் நசுங்குகின்றன. ஃப்ளூ வைரஸில் சோதித்தபோது ஐந்து நிமிடத்திலேயே தொற்றும் திறன் குறையத் தொடங்கியது, அரை மணி நேரத்தில் முழுக்க நின்றது.

இதில் ஒரு கைவேலை நுணுக்கமும் இருக்கிறது. அந்த வடிகட்டி பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆனது, தண்ணீரை ஒட்டவிடாது. வெறும் உப்புக் கரைசலை ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். அதனால் சோப்பு போல் ஈரத்தைப் படியவைக்கும் பொருள் ஒன்றைக் கொஞ்சம் கலந்தார்கள். அப்புறம்தான் உப்பு இழை முழுக்கப் படிந்தது. விலை மலிவு, விஷமில்லை. ஆனால் துவைத்தால் உப்பு போய்விடும். ஆகவே பயன்படுத்தித் தூக்கிப்போடும் முகக்கவசத்துக்குத்தான் இது பொருந்தும், சட்டைக்கு இல்லை.

வெளிச்சம்

மஞ்சள் கறை பட்ட வேட்டியை எப்படி வெளுப்பது என்று எந்த வீட்டிலும் தெரியும். சோப்பு போட்டால் கறை சிவக்கும், பயந்துவிடக் கூடாது. அலசி நல்ல வெயிலில் விரித்துப் போட்டால் சாயங்காலத்துக்குள் கறை வெளிறிவிடும். மஞ்சளின் சாயப்பொருளான குர்குமின் ஒளியை வாங்குகிறது. வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதி பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குப் போய், அதை வெறி பிடித்த ஆக்சிஜனாக மாற்றுகிறது. அந்த ஆக்சிஜன் அருகில் இருப்பதை அரிக்கும், சாயத்தையே கூட அரிக்கும். வெயிலில் மஞ்சள் போவதில் இதற்கும் பங்கு உண்டு.

இந்த வேலையைச் செய்யும் சாயங்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்று ரோஸ் பெங்கால். அழகான ரோஜா நிறம். கண் மருத்துவர்கள் கருவிழியின் மேற்பரப்பில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சாயமாக விட்டது இதைத்தான். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் காங் சன், நிதின் நிதின் ஆகியோரின் குழு 2020-ல் இதைப் பருத்தியில் ஏற்றியது.

ஏற்றுவதில் ஒரு சிக்கல் இருந்தது. நீரில் நனைந்த பருத்தி லேசான எதிர் மின்னூட்டத்தோடு இருக்கும். ரோஸ் பெங்காலும் எதிர் மின்னூட்டம் கொண்டதுதான். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும், சாயம் பிடிக்காது. அதனால் முதலில் பருத்தியை ஒரு சேர்மத்தால் பதப்படுத்தி நேர் மின்னூட்டம் கொண்டதாக மாற்றினார்கள். சாயப்பட்டறைக்காரர்கள் உப்பில்லாமல் சாயம் ஏற்றச் செய்யும் 'கேட்டயானிக்' பதனமும் இதே யோசனைதான். அதற்குப் பிறகு சாயம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

பகல் வெளிச்சத்தில் இந்தத் துணி பாக்டீரியாவில் 99.9999 சதவீதத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொன்றது. சோதனை வைரஸாக எடுத்துக்கொண்ட டி7 என்ற வைரஸில் அதே சதவீதத்தை அரை மணி நேரத்தில் செயலிழக்க வைத்தது. டி7 பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், மனிதரை ஒன்றும் செய்யாது, ஆய்வகத்தில் பயமில்லாமல் கையாளலாம். அதற்குச் சவ்வும் கிடையாது. சவ்வில்லாத வைரஸையே அரைமணியில் கெடுத்தது என்பதால்தான் இந்த எண்ணை நான் மதிக்கிறேன். வெறி பிடித்த ஆக்சிஜன் கொழுப்பு, புரதம் என்று வித்தியாசம் பார்ப்பதில்லை.

குறைகளும் வெளிப்படையானவை. இருட்டில் சாயம் சும்மா இருக்கும். அந்தத் துணி பத்துத் தடவை கைத்துவையலையும் ஏழு நாள் தொடர்ந்த வெளிச்சத்தையும் தாங்கியது. பத்துத் துவையல் என்பது ஒரு செவிலியரின் மேலங்கிக்கு இரண்டு வாரம்கூட வராது. அந்தப் பல்கலைக்கழகமே 2018-ல் இன்னொரு நுண்ணிழைச் சவ்வைக் காட்டியிருந்தது. அது பகலில் வாங்கிய ஆற்றலைச் சேர்த்து வைத்து, இருட்டிலும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். இருட்டுப் பிரச்சினைக்கு ஒரு வழி இருக்கிறது என்பது அதிலிருந்து தெரிகிறது.

99.9 என்றால் எவ்வளவு?

துணியோடு தொங்கும் சீட்டில் 99 சதவீதம், 99.9 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். பத்து லட்சம் வைரஸை வைத்து எண்ணிப் பாருங்கள். 99 சதவீதம் போனால் மிச்சம் பத்தாயிரம். 99.9 போனால் ஆயிரம். 99.9999 போனால் ஒன்றே ஒன்று. புள்ளிக்குப் பின்னால் கூடும் ஒவ்வொரு ஒன்பதுக்கும் மிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆய்வகக்காரர்கள் இதை இரண்டு லாக், மூன்று லாக், ஆறு லாக் என்று சொல்வார்கள்.

இதை அளக்க ஐஎஸ்ஓ 18184 என்று ஒரு சர்வதேசச் சோதனை முறை இருக்கிறது. சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். துணியை வெட்டி 0.4 கிராம் எடை வரும்படி எடுத்து, மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் போடுவார்கள். அதன் மேல் வைரஸ் கலந்த திரவம் 0.2 மில்லி, சில துளிகள்தான். 25 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். பக்கத்திலேயே மருந்து ஏற்றாத துணிக்கும் இதே உபசாரம். நேரம் முடிந்ததும் ஒரு திரவத்தை ஊற்றிக் குலுக்கி வைரஸை வெளியே எடுப்பார்கள். அந்தத் திரவம் துணியிலிருந்து கசிந்து வந்த மருந்தையும் முறித்துவிட வேண்டும். முறிக்காவிட்டால் மருந்து குப்பியிலும் தொடர்ந்து வேலை செய்யும், துணிக்குப் போலியான நல்ல பெயர் கிடைத்துவிடும். கடைசியில் வடித்த திரவத்தை உயிருள்ள செல்கள் மேல் ஊற்றி, எத்தனை இடத்தில் செல்கள் அழிகின்றன என்று பார்ப்பார்கள். ஃப்ளூ வைரஸ் என்றால் நாயின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த செல்கள். நோரோவைரஸுக்குப் பதிலாக அதன் உறவான பூனை வைரஸை வைத்தால் பூனைச் சிறுநீரகச் செல்கள். இரண்டு லாக் குறைந்தால் நல்ல பலன், மூன்று லாக் தாண்டினால் மிக நல்ல பலன் என்று எழுதுவார்கள்.

இதில் இரண்டு மணி நேரம் என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். சீட்டில் 99.9 பெரிய எழுத்தில் இருக்கும், இரண்டு மணி நேரம் பொடி எழுத்தில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. பேருந்தில் ஒருவர் இருமிய துளி உங்கள் சட்டையில் பட்டு, நீங்கள் அதைத் தொட்டு, மூக்கைத் தேய்க்க இரண்டு நிமிடம் போதும். முகக்கவசத்தின் இடுக்கு வழியே மூச்சோடு உள்ளே போகும் காற்றையும் இந்தத் துணி ஒன்றும் செய்யாது. வைரஸ் இழையில் தங்கினால்தானே வேலை. கொரோனா பெரும்பாலும் காற்று வழியாகவே பரவியது. அதனால் இந்தத் துணியில் தைத்த சட்டை போட்டவருக்குக் கொரோனா வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் சட்டமே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. துணியைக் கெடாமல் காக்கிறது, நாற்றம் வராமல் தடுக்கிறது என்று சொல்லி விற்கலாம். நோயிலிருந்து ஆளைக் காக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் சுற்றுச்சூழல் முகமையிடம் ஆதாரம் கொடுத்துத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

அப்படியென்றால் இதனால் பயனே இல்லையா? இருக்கிறது, இடம் தெரிந்து வைத்தால் நிறையவே இருக்கிறது. மருத்துவமனையில் இரண்டு கட்டிலுக்கு நடுவே தொங்கும் திரையை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் தொடுகிறார், செவிலியர் தொடுகிறார், துணைக்கு வந்த அம்மா தொடுகிறார், ஆனால் தினமும் அதைக் கழற்றித் துவைப்பதில்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் தொங்கும் துணிக்கு இரண்டு மணி நேரம் அதிகமில்லை. தலையணை உறை, நாற்காலி உறை, நாள் முழுக்க ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகும் மேலங்கியின் கைமுனை, கழற்றி மேசையில் வைக்கும் முகக்கவசத்தின் வெளி அடுக்கு ஆகியவையும் இப்படித்தான்.

மருத்துவமனைத் துணி என்றவுடன் சலவைப் பிரச்சினை வந்து நிற்கும். அங்கே துவைப்பது கையால் இல்லை. 71 டிகிரி சுடுநீரில் 25 நிமிடம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்லும் ஒரு கணக்கு, கூடவே குளோரின் பிளீச் வேறு. சாயம் வெளுக்கும், பூச்சு கழலும். இதுவரை சொன்ன வழிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது சோதனைக் காலம்.

ஒரு வழிக்கு மட்டும் அந்த பிளீச்தான் தீனி. ஹாலமீன் என்ற வகைச் சேர்மத்தைப் பருத்தியோடு பிணைத்து வைப்பது. டேவிஸில் ரோஸ் பெங்கால் வேலையைச் செய்த அதே காங் சன் 1990-களிலிருந்து இதில் உழைத்து வந்தவர். அந்தச் சேர்மத்தில் நைட்ரஜன் அணு ஒன்று குளோரின் அணுவைப் பிடித்து வைத்திருக்கும். கிருமி வந்து பட்டால் குளோரினை அதன் மேல் விட்டுவிடும், குளோரின் கிருமியின் புரதத்தை அரிக்கும். கை காலியான நைட்ரஜன் அப்படியே இழையில் இருக்கும். அடுத்த சலவையில் பிளீச் கரைசலில் அலசும்போது மறுபடி ஒரு குளோரினைப் பிடித்துக்கொள்ளும். சலவைக்கூடத்தில் எப்படியும் ஊற்றப்போகும் பிளீச்சிலேயே துணி நிரம்பிவிடுகிறது, தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

பிரச்சினை இல்லாமல் இல்லை. லேசான குளோரின் வாசம் வரும். குளோரின் அதிகமானால் பருத்தி மஞ்சளித்து வலு குறையும். வெயிலில் காயப்போட்டால் அந்தப் பிணைப்பு உடைந்து, ஏற்றிய குளோரின் குறைந்துவிடும். ரோஸ் பெங்கால் துணியை வெளிச்சத்தில் வைக்க வேண்டும், இதை நிழலில் காயப்போட வேண்டும்.

அந்தத் தயாரிப்பாளர் இன்று அதே துணியோடு வந்தால், எந்த வைரஸில் சோதித்தார்கள், எவ்வளவு நேரம், எத்தனை துவையலுக்குப் பிறகு எடுத்த எண் இது என்று மருந்து விற்றவரிடம் எழுதி வாங்கி வரச் சொல்வேன். கூடவே, துவைத்த தண்ணீரில் என்ன வருகிறது என்றும் கேட்கச் சொல்வேன். துணியில் ஒரு முழம் வெட்டி எடுத்து, நானே இருபது தடவை துவைத்துவிட்டுச் சோதனைக்கு அனுப்புவேன்.